உச்சமுனையில் ஒரு ஜெபம்

மார்ச் 12, செவ்வாய்

எங்கள் சபைக்கு வந்திருக்கும் கென்யப் போதகரை இன்று படகில் உச்சமுனைத் தீவுக்குக் கூட்டிப்போனேன். மொழிபெயர்ப்பது என் வேலை. போன மாதம் கடலில் மகனைப் பறிகொடுத்த ரீட்டா அக்கா அங்கேதான் இருக்கிறார்; யாரோடும் பேசுவதில்லை. நான் நாலு தரம் போய் வசனம் வாசித்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்று போதகர் தன் தாய்மொழியிலேயே ஜெபித்தார். இயேசு என்ற பெயரைத் தவிர எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அக்கா வாய்விட்டு அழுதார்.

"தம்பி, இவரும் பிள்ளையப் பறிகுடுத்தவரோ?"

போதகரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். தலையசைத்தார். மகளாம்.

"ஓம் அக்கா" என்றேன்.

அக்கா எழும்பிப்போய் எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். இதற்கு ஒருவர் ஆபிரிக்காவிலிருந்து வரவேண்டியிருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். அக்கா பேசிவிட்டார், அது போதும்.