ஒன்பது துளைகள்

பெர்ன்ஹில், ஊட்டி
19.8.1984

அன்புக்குரிய மச்சானுக்கு, நஜ்முன்னிசா சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஆமினாவும் இங்கே சுகம். குவைத் வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

“ஆமினாவும் இங்கே” என்றதும் உங்கள் புருவம் மேலே போயிருக்கும். ஆமாம், மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டிலிருந்த மகளை நானே போய்க் கூட்டி வந்து இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. கோபப்படுவதென்றால் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஈர வீட்டில் இருக்கும்வரை குழந்தைக்கு மூச்சிளைப்பு நிற்காது என்று டாக்டர் சொன்னதும், விலை கேட்டு வந்த லிங்கசாமிக்கே வீட்டை விற்றுவிட்டுக் கீழே போய்விடலாம் என்று எழுதினீர்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றதற்கு, பிள்ளையைவிட உனக்கு வீடு பெரிதா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரி நெஞ்சில் தைத்தது. பிள்ளை இல்லாத வீட்டில் நான்கு மாதம் தனியாகச் சோறு தின்றவள் நான். விற்பதற்கு முன்னால் அவள் அறைத் தரையையாவது பார்த்துவிடலாம் என்று தச்சர் சகாயம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

கட்டிலோரத்துப் பலகையைப் பெயர்த்ததும் குப்பென்று நாற்றம் வந்தது. அடியில் தாங்கும் கட்டைகள் கறுத்துப்போய், காளான் முளைத்துக் கிடந்தது. அதற்கு மேல்தான் நம் மகள் இத்தனை வருஷம் படுத்திருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சகாயம் அண்ணன் வெளியே போய், சுவரடியைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். பலகைத் தரைக்கு அடியில் காற்று ஓடத்தானுங்க வெள்ளைக்காரன் சுவரடியில் துளை விட்டான், ஒன்பதையும் சிமெண்ட் வைத்துப் பூசின மகராசன் யாருங்க என்று கேட்டார். கீழே இருந்து வருகிறவர்கள் குளிருக்குப் பயந்து முதலில் செய்கிற வேலையே இதுதானாம். உள்ளே இருக்கிற ஈரம் பிறகு எந்த வழியாகப் போகும்? அந்த மகராசன் பெயரை நான் சொல்லவில்லை.

ஒன்பதையும் உடைத்து, எலி நுழையாமல் கம்பி வலை அடித்தோம். கட்டை, பலகை எல்லாம் புதிது. தகரம் அடித்து மூடிக் கிடந்த கணப்பைத் திறந்தால், புகைபோக்கியிலிருந்து ஒரு மூட்டைக் கரியோடு இரண்டு காக்கைக் கூடும் விழுந்தன. இப்போது அதில் சீகை மரத்து விறகு கணகணவென்று எரிகிறது. அடுப்படியில் மேடை கட்டி, பெரிய கண்ணாடி ஜன்னலும் வைத்தாயிற்று. இனி நான் குனிந்து சமைக்கமாட்டேன். பக்கத்து வீட்டு வேலாமணி அக்கா, காலுக்கடியில் காற்றை விடுகிறாயே, உனக்குப் பைத்தியமா என்று கேட்டவர், இப்போது தன் வீட்டுச் சுவரைத் தட்டிக்கொண்டு திரிகிறார்.

உடனே பிள்ளையைக் கூட்டி வந்துவிடவில்லை. ஜூலை மழை முழுவதும் அந்த அறையில் நான் படுத்துப் பார்த்தேன். தலையணை ஈரம் கோக்கவில்லை. கட்டிலடியில் வைத்த அவள் பள்ளிக்கூட ஷூவில் பூசணம் பூக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பஸ் ஏறினேன்.

இந்தப் பதினேழு நாளும் மழைதான். ஒரு தடவைகூட அவளுக்கு மூச்சு இளைக்கவில்லை. டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்து இரண்டு முறை கேட்டுவிட்டு, என்னம்மா செய்தீர்கள் என்றார். தரையை மாற்றினேன் என்றேன். நேற்று பள்ளி விட்டு மேட்டில் ஓடியே ஏறி வந்தாள். ஜெயித்துவிட்டேன் மச்சான், இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

லிங்கசாமியிடம் இப்போதைக்கு விற்பதாக இல்லை என்று சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. அக்டோபர் லீவில் வந்து கையெழுத்துப் போட்டால் தடுக்க என்னால் ஆகாது.

இதைப் படித்ததும் மனதைப் போட்டு வாட்டிக்கொள்வீர்கள் என்று தெரியும். கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரில் நான் பல் கிட்டி நடுங்கியதைப் பார்க்கமுடியாமல்தான் முழங்காலிட்டு அந்தத் துளைகளைப் பூசினீர்கள். சிமெண்ட் குழைத்துக் கொடுத்தது நான். மகளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மேட்டுப்பாளையத்தில் வீடு பார்க்க இறங்கிவிடாதீர்கள். நேரே மேலே வாருங்கள். ஒரே ஒரு ராத்திரி மகள் பக்கத்தில் படுத்து அவள் மூச்சு விடுவதைக் கேளுங்கள். கையெழுத்தைப் பற்றி விடிந்த பிறகு பேசலாம்.

உங்கள்
நஜ்முன்னிசா