வெறும் வயிற்றில் ஒரு தேத்தண்ணி

ஸ்பிரிங்வெளி, மேல் பிரிவு லயம்,
பதுளை.
12.01.2025

அன்புத் தங்கச்சி ஜெயத்துக்கு, அக்கா விஜயலெட்சுமி எழுதுவது.

பிள்ளைகள் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. மகன் புவனேந்திரனின் மூத்தவள் மேனுஷா நர்ஸ் படிப்பு முடித்து, பதுளை டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் சேர்ந்துவிட்டாள். ஒரு நாள் வெள்ளை உடுப்போடே லயத்தில் வந்து இறங்கினாள். தோட்டத்துத் துரை வந்தாலும் படுத்தே கிடக்கும் நாய், அவளைக் கண்டு எழும்பி நின்றது. அவள் தம்பி இந்திரஜித் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிருக்கிறான். லயத்தில் பன்னிரண்டு வீடு, போகிறவன் இவன் ஒருவன்தான். என் மகள் பிள்ளை தினேஸ் எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறான். அவன் போடும் கொத்து ரொட்டிக்கு வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களாம். அவன் தாத்தா ரேசன் அரிசிக்கு வரிசையில் நின்ற மனுசன்.

தீபாவளிக்கு முன்னால் உன் கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. போனில் பேசினால் உனக்குக் காது கேட்காது. எழுதவும் மாட்டாய் என்றால் நீ இருக்கிறாய் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

பெப்ரவரி பத்தொன்பதாம் தேதி நான் டவுனுக்குப் போய் ஐந்தாறு நாள் இருந்துவிட்டு வருவேன். சும்மாதான். மருமகள் நிரஞ்சலா இப்போதே பேக்கைக் கட்டிவிட்டாள். தட்டு, கோப்பை, முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு, பழைய சேலைத் துணி, சவுக்காரம், பிளாஸ்க். மேனுஷா அங்கே இருக்கும்போது எனக்கென்ன குறை?

உன் அக்கா,
விஜயலெட்சுமி


கோத்தகிரி,
29.01.2025

அக்காவுக்கு ஜெயலெட்சுமி எழுதிக்கொண்டது.

பேரப்பிள்ளைகள் சேதி படித்துச் சந்தோசம். என் சுற்றிப்போடும் கை கடலைத் தாண்டி எட்டாது, நீயே மூன்று பேருக்கும் சுற்றிப் போட்டுவிடு.

இப்போது நீ எழுதாததற்கு வருகிறேன். சும்மா டவுனுக்குப் போகிறவள் தட்டும் கோப்பையும் தூக்கிக்கொண்டு போவாளா? உன் பேத்தி என்ன சட்டியிலேயா சாப்பிடுகிறாள்? பழைய சேலைத் துணி எதுக்கு? நான் உன்னைவிட ஒரு வகுப்புக் குறையப் படித்தவள். ஆனால் பேக்கைப் படிக்கத் தெரியும்.

என்ன நோவு என்று நீ எழுத வேண்டாம். பிள்ளை பெற்று ஒரு மாசம் ஆகுமுன் கூடையைக் கட்டிக்கொண்டு மலை ஏறினவர்கள் நாம். எனக்கும் அதுதான் அக்கா. பதினொரு வருசமாச்சு. இருமினால் கர்ப்பப்பை கீழே வந்து நிற்கிறது. துணியை வைத்துக் கட்டிக்கொண்டு நடமாடுகிறேன். முட்டிவலியால்தான் கோயிலுக்கு வருவதில்லை என்று என் மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வருசம் குவார்ட்டர்ஸுக்கு வந்த டாக்டரம்மா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அது அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது.

நீ போய் வந்து எனக்கு எழுது. பெருமையை எழுதாதே, நடந்ததை எழுது. அதைப் படித்துத்தான் அந்தச் சீட்டை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஜெயம்


வார்டிலிருந்து,
21.02.2025

ஜெயத்துக்கு,

நீ நினைத்தது சரிதான். முன்பே கிளினிக்கில், இறங்காமல் தாங்க உள்ளே ரிங் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடுவோம் என்றார்கள். நேற்று எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. காரணம் நான்.

வந்து சேர்ந்த அன்றே என் பேத்தி இங்கே நர்ஸ் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். கூட்டுகிற பொம்பளைக்குக்கூடத் தெரியும். அடுத்த கட்டிலில் நளீரா என்று ஒருத்தி, பசறைக்காரி, அவளுக்கும் இதே நோவு, இதே நாள். ராத்திரிக்குப் பிறகு ஒப்பரேசன் முடியும்வரை ஒன்றுமே சாப்பிடக் கூடாது என்று சிங்கள நர்ஸ் ஒருத்தி தமிழில் இரண்டு தரம் சொன்னாள். தலையாட்டினேன். சாப்பிடவும் இல்லை.

விடிய எழும்பினேன். தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கிற நேரம். பிளாஸ்க்கில் நிரஞ்சலா ஊற்றிவைத்த பிளேன்டீ இருந்தது. வெறும் வயிற்றில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தானே நாற்பது வருசம் பெரட்டில் போய் நின்றோம்? அதை யார் சாப்பாடு என்று சொன்னார்கள்? குடித்தேன். பக்கத்தில் ஒருத்தி இருக்கத் தனியாகக் குடிக்கவும் மனசு வரவில்லை. அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நோன்பு காலத்தில் பச்சைத் தண்ணிகூடத் தொண்டையில் இறக்காதவள், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் விடவில்லை. "நர்ஸ் வீட்டு ஆளு சொல்றேன், குடிங்க" என்றேன். என்னை நம்பிக் குடித்தாள்.

தியேட்டர் வாசலில் டொக்டர் கேட்டபோது ஒன்றும் சாப்பிடவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அடுத்து நளீராவைக் கேட்டார்கள்.

"ஒன்னும் இல்ல டொக்டர். இந்த நர்ஸம்மாட அப்பாயி தந்த தேத்தண்ணி மட்டுந்தான்."

இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு திரும்ப வார்டுக்கே வந்துவிட்டார்கள். மயக்க மருந்து கொடுக்கிற நேரம் வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்தாம். செவ்வாய்க்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். நளீரா மத்தியானம்வரை அந்தப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள்.

மேனுஷா வந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். முதலில் நளீராவின் கட்டிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"பிள்ளைங்களோட வர்ற அம்மாமாருக்கெல்லாம் நாந்தான் தமிழ்ல வெளங்கப்படுத்துறேன் அப்பாயி. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சி விட்டுட்டேன்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். நடந்ததை எழுதச் சொன்னாய்.

அக்கா


ஸ்பிரிங்வெளி,
11.03.2025

என் ஜெயத்துக்கு,

உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைத் தெரிந்துகொள். இருபத்தைந்தாம் தேதி ஒப்பரேசன் முடிந்து, ஒன்றாம் தேதி வீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் உடம்பு இடம் கொடுத்தது.

வலிக்கவே இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய். வலிக்கும். முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே என் கால் என் கால் மாதிரியே இல்லை. கத்தி படுவது தெரியாது, அவர்கள் பேசுவது கேட்கும். மரத்தது விட்ட பிறகுதான் வலி. முதல் நாள் ரொம்பக் கடினம், மூன்றாம் நாள் பொறுக்கலாம். மூத்திரத்துக்குக் குழாய் வைத்திருப்பார்கள், அதற்கு வெட்கப்படாதே, அங்கே எல்லாருக்கும் அதுதான். அடுத்த நாளே நடக்கச் சொல்வார்கள். நான் மாட்டேன் என்றேன். எனக்கு முன்னால் ஒப்பரேசன் முடிந்திருந்த நளீரா, "எழும்புங்க, தேத்தண்ணிக்கடைக்குப் போவோம்" என்றாள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினேன்.

பயந்தேனா என்று கேட்பாய். பயந்தேன். தியேட்டருக்குள் போகும்போது மூன்று பேரப்பிள்ளைகள் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனேன்.

இனி மூன்று மாசத்துக்கு ஒரு வாளித் தண்ணி தூக்கக் கூடாது. நிரஞ்சலாதான் எல்லாம் பார்க்கிறாள். அவளிடம் இத்தனை வருசம் ஒளித்ததற்கு ஏசினாள், ஏசிக்கொண்டே இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். நேற்று இருமினேன் ஜெயம். ஒன்றும் இறங்கவில்லை. தனியாக உட்கார்ந்து இன்னொரு தரம் இருமிப் பார்த்தேன்.

ஒரு விசயம். மேனுஷா ஒரு பெரிய தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வார்டுப் பெரிய நர்ஸிடம் கேட்டு, சுவரில் ஒட்டியிருக்கிறாள். "ஒப்பரேசனுக்கு முன் சாப்பாடு மட்டுமல்ல, தேத்தண்ணியும் கூடாது." அதைப் பார்த்து மற்ற வார்டுகளிலும் எழுதிக் கேட்கிறார்களாம். என் பெயர் அதில் இல்லை. ஆனால் யாரால் வந்தது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தலையைக் குனிய வைத்தவளும் நான்தான், பேத்தி தலை நிமிரக் காரணமானவளும் நான்தான். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இது போதும்.

நீ அந்தச் சீட்டை எடு. மருமகளிடம் கொடுத்து, முட்டிவலி இல்லை, இதுதான் என்று வாய்விட்டுச் சொல்லு. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம், கத்தியைவிட. அங்கே டாக்டர் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு. யார் வீட்டு ஆள் என்று மட்டும் சொல்லாதே.

உன் போட்டோ ஒன்று புதிதாக எடுத்துத் தபாலில் போடு. கோயில் வாசலில் நின்று எடுத்ததாக இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு எடுத்தது. அதற்கு முந்தியது எனக்கு வேண்டாம்.

உன் அக்கா,
விஜயலெட்சுமி