புகை இல்லை, ஆவி

வால்தம்ஸ்டோ, லண்டன்
26 ஜூலை 2009

அன்பின் மச்சான் புவனேந்திரனுக்கு,

நானும் கலாவதியும் மகள் ஆரணியும் இருக்கிறோம், உடம்புக்குக் குறை இல்லை. நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் ஓம் என்று எழுதி அனுப்புவாய். அது பொய் என்று எனக்கு இப்போது தெரியும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குப் புற்றுநோய் என்று சத்திரசிகிச்சை செய்து குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் போன் கதை எப்படிப் போகிறது என்று பார்த்தாய்தானே. நான் இந்தப் பக்கம் கதைத்துக்கொண்டே இருப்பேன். நீ அந்தப் பக்கம் விரலால் தட்டுவாய். நான் ஏசத் தொடங்கினால் போனைச் செல்வமலரிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாய். உன் மனுசியை நான் எதற்கு ஏச வேண்டும்? அதனால்தான் கடிதம். கம்பியூட்டரில் தமிழ் அடிக்க எனக்கு வராது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

முதலில் என் பாடு என்ன என்று சொல்கிறேன். போன மார்கழியில் டோட்முண்ட் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேனே, அன்றைக்கு அவர்கள் தந்த சின்னப் பலகையில் 'நீயாவது விடு' என்று எழுதிக் காட்டினாய். நான் தலையாட்டினேன். வெளியில் வந்து சட்டைப்பையில் கிடந்த சிகரட் பெட்டியைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். லண்டனில் வந்து இறங்கிய அன்றே புதுப் பெட்டி உடைத்தேன். அதற்கு நான் எங்கே போகவேண்டும்? என் கடைக் கவுண்டரில் நின்றால் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க சிகரட்தான். காலை ஆறு மணிக்குக் கடை திறந்ததும் வருகிற முதல் ஆள் கேட்பதும் அதுதான். நாள் முழுக்க அதை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு, நான் மட்டும் தொடக்கூடாது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்.

தோளில் ஒட்டுகிற நிக்கொட்டின் பிளாஸ்டர் ஒட்டினேன். தோல் சிவந்து கடித்தது. சூயிங்கம் சப்பினேன். விக்கல் வந்தது. பிறகு ஆரணி இன்டர்நெட்டில் தேடி எலெக்ட்ரோனிக் சிகரட் என்று ஒன்றைப் பிடித்தாள். அதை நீ இன்னும் காணவில்லை என்று நினைக்கிறேன். பார்வைக்குச் சிகரட் மாதிரியே வெள்ளையாக இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். இழுக்கும்போது நுனியில் சின்ன லைற் ஒன்று சிவப்பாய் எரியும். உள்ளே பற்றரி. வாய் வைக்கிற பக்கம் நிக்கொட்டின் திரவம் நனைத்த சின்னக் குப்பி. அது சூடாகி ஆவியாக வரும். அவ்வளவுதான். நெருப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. ருசியைக் கேட்காதே. ஈரமான காட்போட் மட்டையை யாரோ புகையிலைக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தது மாதிரி.

பென்சில் பிடித்த மாதிரிப் பாரமாக இருக்கிறது, உதட்டில் நிற்காது. குப்பி கசிந்தால் நாக்கு முழுக்கக் கைப்பு. மத்தியானம் ஆக முன்னமே பற்றரி செத்துவிடும். அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, பால் குடிக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல அந்தச் சின்ன லைற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னால் சுவர் முழுக்கச் சிகரட். எனக்கு வருகிற விசரில் சுவரோடு தலையை மோதலாம் போல இருக்கும்.

வீட்டில் அதற்கு மேல். வெளியில் நின்று சிகரட் பத்திய காலத்தில் கலாவதிக்கு ஒரு கரைச்சலும் இருக்கவில்லை. இப்போது நான் கட்டிலிலும் காரிலும் ரீவிக்கு முன்னாலும் இதை இழுக்கிறேன். "சிகரட்டை விட்டிட்டியளோ, இல்லாட்டில் வீட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்திட்டியளோ?" என்று கேட்டாள். இது புகை இல்லை, ஆவி என்று விளங்கப்படுத்தினேன். "ஆவியோ? உங்கட ஆவி போகாமல் இருந்தால் எனக்குக் காணும்" என்றாள்.

கடைக்குள் நான் புகை பிடிக்கிறேன் என்று யாரோ கவுன்சிலுக்குச் சொல்லி, ஒரு பெண் வந்து நின்றாள். கதவில் புகைத்தல் தடை என்று நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், அதற்குக் கீழேயே நின்று ஊதுகிறேன். அந்தப் பிளாஸ்டிக் குழாயை அவளிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மணந்து பார்த்தாள். சட்டம் சிகரட்டுக்குத்தான், இதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று போனாள். இன்னும் சொல்லவில்லை. எங்கள் டொக்டரும் அப்படித்தான். பிளாஸ்டர் என்றால் எழுதித் தரலாம், இதைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, நல்லது என்றும் சொல்லமாட்டேன் கெட்டது என்றும் சொல்லமாட்டேன் என்றார். நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் தெரியாத ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு திரிகிறேன் மச்சான், நீ ஒரு பலகையில் எழுதிக் காட்டியதற்காக.

இடையில் ஒரு தடவை தோற்றேன். மறைக்கவில்லை. ஏப்ரலில் கடையை மாலையில் கலாவதியிடம் விட்டுவிட்டு நாங்கள் எல்லாரும் ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்ற நாட்கள் உனக்குத் தெரியும். அங்கே சார்ஜ் போட எங்கே இடம்? பக்கத்தில் நின்றவர் ஒன்றும் கேட்காமல் பெட்டியை நீட்டினார். எடுத்தேன். மே மாதம் எல்லாம் முடிந்தது என்று வந்த செய்திக்குப் பிறகு எத்தனை எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஜூனில்தான் ஆரணி அந்தப் பிளாஸ்டிக்கைக் கழுவித் துடைத்து, சார்ஜ் போட்டு, என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுபடி தொடங்கினேன். இன்று வரைக்கும் வேறு தொடவில்லை.

இனி உன் பாடு.

போன கிழமை செல்வமலர் கலாவதியோடு கதைத்தாள். நீ மறுபடி பத்துகிறாயாம். நிலவறைக்குப் போய், கழுத்துத் துணியை விலக்கி, மூச்சு விட டொக்டர் வைத்த ஓட்டையில் சிகரட்டை வைத்து இழுக்கிறாயாம். கலாவதி இதை எனக்குச் சொல்லும்போது கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் மிச்சக்காசைப் பிழையாகக் கொடுத்து அனுப்பினேன். எனக்கு விடச் சொன்னவன் நீ.

ஏன் தொடங்கினாய் என்பதையும் செல்வமலர் சொன்னாள். உன் தம்பி கமலநேசன், சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமில் இருந்து, யாருடையதோ போனில் கோல் எடுத்தானாம். உயிரோடு இருக்கிறானா என்று மாதக்கணக்காய்த் தெரியாமல் இருந்த பிள்ளை. நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாய். அவன் "அண்ணை, அண்ணை" என்று கூப்பிட்டான். நீ தட்டினாய். தட்டினால் அவனுக்கு என்ன விளங்கும்? செல்வமலர் அடுப்படியில் இருந்து ஓடி வந்து போனை வாங்க முன்னம் கட்டாகிவிட்டது. அண்ணை தன்னோடு கதைக்க விரும்பவில்லை என்று அவன் நினைத்திருப்பான் என்று அன்றைக்கே நிலவறைக்குப் போனாய்.

மச்சான், அதற்கு நான் உன்னை ஏசவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் தந்த பேசுகிற கருவி எங்கே? கழுத்தில் வைத்து அழுத்தினால் குரல் வரும் என்று நேர்ஸ் என் கண்ணுக்கு முன்னால் காட்டித்தந்தாள். நீ ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, 'ரோபோ மாதிரி இருக்கு, பிள்ளைகள் பயப்படும்' என்று எழுதிவிட்டு மேசை லாச்சிக்குள் போட்டாய். அது லாச்சிக்குள் கிடந்ததால்தான் கமலநேசனுக்குப் பதில் கிடைக்கவில்லை. சிகரட் அதற்கு மருந்து இல்லை.

எனக்கு வெட்கம் இல்லை என்று நினைக்கிறாயா? நாற்பத்தைந்து வயதில் லைற் எரிகிற விளையாட்டுச் சாமானை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைக்கு வந்து அதைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஆரணியின் சிநேகிதிகள் வந்தால் "அப்பா, ப்ளீஸ், நொட் நவ்" என்கிறாள். சிரிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். நீயும் விடு.

அந்தக் கருவியை வெளியே எடு. அவன் இன்னொரு தரம் கோல் எடுப்பான்.

கோபம் தீராத உன் நண்பன்,
சந்திரகுமார்


வால்தம்ஸ்டோ, லண்டன்
29 நவம்பர் 2009

அன்பின் புவனேந்திரா,

நேற்றுப் போனில் நான் அப்படி நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். பின்னேரம் கடையில் சனம், போன் அடிக்கிறது, எடுத்தால் மிசின் ஒன்று கரகரவென்று கதைக்கிறது. இங்கே நாள் முழுக்க மிசின்கள்தான் எடுக்கும், காப்புறுதி வேண்டுமா, ஜன்னல் மாற்றவேண்டுமா என்று. வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி வைத்தேன். மூன்றாம் தரம் அந்த மிசின் "சந்திரா, விசரா, வையாதை" என்றது.

கவுண்டருக்கு முன்னால் நின்றவர் எனக்கு என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். கலாவதியைக் கூப்பிட்டு அவரைக் கவனிக்கச் சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போய் நின்றேன். நீ கதைத்தது பாதி விளங்கவில்லை. நான் அழுதுகொண்டு நின்றதால் உனக்கும் பாதி விளங்கியிருக்காது. அதனால்தான் மறுபடி எழுதுகிறேன்.

விளங்கியதில் முதல் விசயம், கமலநேசன் எடுத்தான், நீ கருவியை வைத்துக் கதைத்தாய். முதலில் அவனும் பயந்துதான் போனானாம். "ஆர் நீங்கள்? அண்ணையைக் குடுங்கோ" என்று கேட்டானாம். அம்மா உங்கள் இருவரையும் கூப்பிடுகிற பெயர்களை நீ சொன்ன பிறகுதான் நம்பினானாம். முகாமில் ஆட்களை வெளியில் விடப்போகிறார்கள் என்று இங்கேயும் கதைக்கிறார்கள். அவன் வெளியே வரட்டும். கலாவதி லூயிஷாம் சிவன் கோயிலில் அவனுக்கும் உனக்கும் அர்ச்சனை செய்தாள். உன் நட்சத்திரம் எங்களுக்குத் தெரியாமல் செல்வமலரிடம் கேட்டோம். அவளுக்கும் சரியாகத் தெரியவில்லை. ஐயர் பெயரைச் சொன்னால் போதும் என்றார்.

இரண்டாவது விசயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சிகரட்டை இன்னும் விடவில்லை என்றாய். அதோடு விட்டாயா, "உன்ர பிளாஸ்டிக்கில எனக்கும் ஒண்டு அனுப்பு" என்றாய்.

மச்சான், நான் அனுப்பமாட்டேன். எனக்கு அது உதவுகிறது என்றுதான் நினைக்கிறேன். படி ஏறினால் முன்னைப் போல இளைப்பது இல்லை. காலையில் இருமல் இல்லை. ஆனால் எனக்கு நல்லது என்றே டொக்டர் சொல்லவில்லை. உன் கழுத்து ஓட்டைக்குள் அந்த ஆவி போனால் என்ன ஆகும் என்று யார் சொல்வார்? எனக்குத் தெரியாத ஒன்றைப் பார்சல் கட்டி உனக்கு அனுப்பிவிட்டு நான் இங்கே எப்படி நித்திரை கொள்வது? உன் டொக்டரிடம் கேள். அவர் ஓம் என்றால் என் கையால் கொண்டு வருகிறேன். அவர் இல்லை என்றால் அவரிடம் வேறு வழி இருக்கும். அவரிடம் நீ போனால்தானே?

அதுதான் மூன்றாவது. அதை நீ சொல்லவில்லை. நீ போனை வைத்த பிறகு செல்வமலர் எடுத்துச் சொன்னாள். கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு தடிப்பு இருக்கிறதாம். ஒக்டோபரிலேயே இருந்ததாம். ஸ்கானுக்கு நேரம் தந்தும் இரண்டு தரம் போகாமல் விட்டாயாம். பத்துகிறது தெரிந்தால் டொக்டர் ஏசுவார் என்று போகவில்லையாம். ஐம்பது வயதை நெருங்குகிற மனிசன், டொக்டர் ஏசுவார் என்று ஒளித்து இருக்கிறாய். செய்தி கேட்டுவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பி வந்தேன். சுவரைப் பார்த்தேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம். குழாயில் சார்ஜ் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு மழைக்குள் ஸ்டேசன் வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தேன்.

உன்னை ஏசி ஏசிக் களைத்துவிட்டேன். ஏச்சால் ஒன்றும் நடக்காது என்றும் தெரிகிறது. ஆகவே இதைக் கேள். செல்வமலர் மறுபடி நேரம் எடுத்திருக்கிறாள், டிசம்பர் ஏழாம் திகதி திங்கட்கிழமை காலை. நான் அதற்கு முதல் சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்குவேன். கடையைக் கலாவதி பார்ப்பாள். சனி ஞாயிறு ஆரணியும் நிற்பாள். நீ என்னைக் கூட்டிப் போக ஸ்டேசனுக்கு வராதே, குளிர். நானே வருகிறேன். திங்கட்கிழமை மூன்று பேருமாய்ப் போவோம். டொக்டர் உன்னை ஏசினால் நான் பக்கத்தில் இருந்து மற்றப் பாதியை வாங்கிக்கொள்கிறேன். அவர் கேட்பதற்கெல்லாம் நீயே கருவியை வைத்துப் பதில் சொல், பலகை வேண்டாம்.

ஸ்கானில் என்ன வந்தாலும் வீட்டுக்கு வந்து சோறு தின்போம். பிறகு யோசிப்போம். கமலநேசன் வந்து இறங்குகிற நாளில் நீ வாசலில் நிற்கவேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

திங்கட்கிழமை காலை வெளிக்கிட்டு நில், மச்சான்.

உன்
சந்திரகுமார்