கடலில் ஆள் இருக்கும்போது ஒப்பாரி ஒத்திகை

கோவளம்,
செவ்வாய்க்கிழமை.

என் மகன் சூர்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கச்சி தமிழரசியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. பஹ்ரைனில் நீ சுகமாக இருக்க அந்த எல்லையம்மன் துணை. வாட்ஸ்அப்பில் போட்டதற்கெல்லாம் இன்னும் ஒற்றை டிக்குதான், நீ மீன்பிடிக்கப் போயிருக்கும் நடுக்கடலில் டவர் இல்லை என்று எனக்கும் தெரியும், இருந்தாலும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. லீவு முடிந்து நீலமேகம் வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறார், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் உன் ரூமில் கொடுப்பார்.

தமிழரசி ஸ்கூலில் சனிக்கிழமைதோறும் நாடக வகுப்பு வைத்திருக்கிறார்கள், சுஜாதா டீச்சர் என்று ஒரு பெண் வந்து நடத்துகிறாள். படிக்கிற பிள்ளைக்குக் கூத்து எதற்கு என்று முதலில் நான் சண்டைக்குப் போனேன். ஆனால் நாலு பேர் எதிரில் வாய் திறக்காத உன் தங்கச்சி, போன மாசம் நம்மிடம் மீன் வாங்கும் ரிசார்ட்காரன் வஞ்சிரத்துக்கு விலை குறைத்துப் பேசியபோது என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "அண்ணே, நேத்து வெலைக்கி இன்னிக்கி மீனு வராது" என்றாள். அவன் அடங்கிவிட்டான். சரி, இந்த வகுப்பில் லாபம் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வினை அதற்கப்புறம் வந்தது. நாடகத்தில் இவளுக்கு, புருஷன் கடலிலிருந்து திரும்பாத பெண்ணின் வேஷம். போன புதன்கிழமை ஸ்கூல் லீவு, நான் ஏலத்தில் இருக்கிறேன், படகு பாதிகூடக் கரை சேரவில்லை, இவள் என் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, தலையை விரித்துப்போட்டு, வீட்டில் ஒப்பாரி ஒத்திகை பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பூங்கொடி மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவர, தெருவே கூடிவிட்டது. யாரோ கரைக்கு வந்து, "ரத்னாக்கா, உன் வூட்ல ஒப்பாரி கேக்குது" என்றார்கள். தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். யார் என்று நான் கேட்கவில்லை நைனா, நீதான் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். போய்ப் பார்த்தால் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து அழுகிறார்கள், இவள் அவர்கள் நாடகம் பார்க்க வந்ததாக நினைத்து நிறுத்தவேயில்லை. அறைந்தேன். அப்புறமும், "அவங்க எல்லாம் நல்லா அழுதாங்கம்மா, டீச்சர் பாத்திருந்தா அவங்களையும் நாடகத்துல சேத்துகினு இருப்பாங்க" என்கிறாள்.

கடலில் ஆள் இருக்கும்போது கரையில் ஒப்பாரி வைக்கக்கூடாதென்று உனக்குத் தெரியாததா. அன்றைக்குப் படகெல்லாம் நல்லபடியாகத்தான் வந்தது. ஆனால் பூங்கொடி, "ஊர்ப் படகு வந்துச்சி, உன் புள்ள வந்தானா?" என்று கேட்டுவிட்டாள். சகுனம் பார்த்து நான் மீன் வாங்கியதில்லை, ஆனாலும் அந்தச் சொல் முள்ளாக நிற்கிறது.

விஷயம் தெரிந்து டீச்சர் வீட்டுக்கே வந்தாள். வேறு பெண்ணை வைத்துக்கொள்ளட்டுமா என்று பதவிசாகத்தான் கேட்டாள். ஒப்பாரிப் பாட்டை யார் சொல்லிக்கொடுத்தது என்று டீச்சர் கேட்டதற்குத் தமிழரசி, "அம்மா" என்று சொன்னாளாம். நான் எங்கே சொல்லிக்கொடுத்தேன். உங்கப்பா இல்லாமல் படகு மட்டும் வந்த அன்றைக்கு நான் அழுதது அது. அன்றைக்குப் பூங்கொடி மடியில் குழந்தையாகக் கிடந்தவள் அதை எப்படிப் பிடித்து வைத்தாளோ. அதை வேறொருத்தி, யாருக்கென்று தெரியாமல் அழுவதா? என் பெண்ணே அழட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. வாக்கு கொடுத்துவிட்டேன், மாற்றமாட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் மைதானத்தில் நாடகம். பூங்கொடி வரமாட்டேன் என்கிறாள், எத்தனை மணிக்கு என்றும் கேட்கிறாள். நீ கரைக்கு வந்திருந்தால் அவள் மேடையேறுவதற்கு முன் ஒரு போன் போடு, பேசக்கூட வேண்டாம். போன் வராவிட்டாலும் அவள் ஏறத்தான் போகிறாள், நான் முன்வரிசையில்தான் இருப்பேன்.

நோய்நொடி இல்லாமல், நூறு வயசு இரு கண்ணு. படகில் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்காதே, மாட்டிக்கொள். நீச்சல் தெரியும் என்று சொல்லாதே. உங்கப்பாவுக்கும் தெரியும்.

உன் அம்மா,
ரத்னா