கதவருகே நின்று கேட்கிற கேள்வி

எல்லர்பாக்,
1797 பிப்ரவரி 23.

அன்பு மகன் கிலியானுக்கு அம்மா குனிகுண்டே எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் பனிக்குப் பிடித்துக்கொள்கிறது, இரண்டு பன்றிகளும் என்னைவிடச் சுகம். நீயும் வீப்காவும் பிரேமனில் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஈஸ்டர் முடிந்து உங்கள் கல்யாணம், அதற்கு முன்னால் தொழிலில் மாஸ்டர் பட்டம், பட்டத்துக்கு நம் ஊர்ப் பீப்பாய் செய்வோர் சங்கம் மானமுள்ள குடும்பம் என்று ஒரு தாள் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தாய். அந்தத் தாள் கிடைக்காது, கிலியான். காரணம் நான்தான். அடுத்தவர் வாயால் உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், கோபத்தைக் கடைசி வரிவரை அடக்கிக்கொண்டு படி.

இந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சத்திரத்தில் வாத்தியார் அம்ப்ரோஸ் ஒரு கதைப்புத்தகம் உரக்க வாசித்தார். கோணல் முகத்தோடு பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளையை இடிந்த கோட்டையில் விட்டுவிடுகிறார்கள், கண்ட இடத்தில் ஊரார் கல்லெறிகிறார்கள், கடைசியில் அவனும் கொடியவனாகிவிடுகிறான். பாதிக்குமேல் புளுகு, ஆனாலும் கேட்டால் எழுந்திருக்க மனம் வராது. அதில் அவன் ஒன்று சொல்கிறான்: “எந்தக் கதவும் எனக்குப் பூட்டியிருக்கவில்லை. உள்ளே வா என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.” ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. ரொட்டிக்கடை டோபியாஸ் இருக்கிறானே, அவன் பெண்டாட்டி திட்டினால்கூட இதைச் சொல்லி மூக்கைச் சிந்துகிறான். அவளும் விடவில்லை, “உள்ள வாய்யா மகராசா, அடுப்பு அணையுது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள், சிரித்து வயிறு வலித்தது.

தலைவெட்டி ஓஸ்வால்டை நீ மறந்திருக்கமாட்டாய். நகர்மன்றம் தண்டிக்கச் சொல்கிறவர்களைத் தண்டிப்பது அவர் வேலை, அவர் அப்பாவும் அதையேதான் செய்தார். அவரைத் தொட்டால் தீட்டு, தொட்டவர் குடும்பத்துக்கே மானம் போய்விடும் என்பது ஊர் வழக்கம். அவர் சத்திரத்துக்கு வந்தால் தொப்பியைக் கழற்றிக் கதவருகே நின்று “யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டா?” என்று கேட்கவேண்டும், ஒருவர் உண்டு என்றாலும் திரும்பிவிடவேண்டும், ஒருவரும் சொல்லாவிட்டால் மூலையிலுள்ள முக்காலியில் உட்கார்ந்து மூடியில்லாத குவளையில் குடித்துவிட்டுப் போகலாம். நவம்பரில் அவர் மனைவி இறந்த பிறகு அவரோடு பேச ஓர் ஆளில்லை. ஜனவரியில் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே பனியைத் தள்ளும்போது பார்க்கிறேன், சுவரை ஒட்டி ஒரே இடத்தில் இரண்டு பெரிய காலடி, குழியாகவே ஆகியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே நின்று கதை கேட்டிருக்கிறார். நான் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன், அதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

போன ஞாயிறு கடைசி அத்தியாயம். அந்த வார்த்தையை அவன் மறுபடி சொல்கிற இடம், அறை முழுக்க விசும்பல். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தாடியெல்லாம் பனியோடு ஓஸ்வால்ட் நின்றுகொண்டு கேட்கவேண்டியதைக் கேட்டார். கண்ணீரைக்கூடத் துடைக்காமல் டோபியாஸ் சொன்னான், “எனக்கு உண்டு. நல்ல கட்டம்யா, கெடுக்காத, போயிட்டு இன்னொரு நாள் வா.” அவர் “சரிங்க” என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, “கடைசில அவன் என்ன ஆனான்னு மட்டும் நாளைக்கு யாராச்சும் வேலிக்கு வெளிய நின்னு சொல்லுங்க, போதும்” என்றார். நான் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து, “உள்ள வாங்க” என்று இழுத்துவந்து, முக்காலியில் இல்லை, உன் அப்பா உட்கார்ந்த பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒரு நிமிஷத்தில் அறை காலி. வாத்தியார் புத்தகத்தை மேசையிலேயே போட்டுவிட்டு ஓடினார். மிச்சத்தை நான்தான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்தப் பையன் ஆற்றில் விழுந்து செத்துப்போகிறான், ஒருவரும் தேடவில்லை. ஓஸ்வால்ட் தலையாட்டி, “அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார், குவளையைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சங்கத்தார் வந்து தங்கள் குவளைகளை நம் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தலைவர் எபர்ஹார்ட் நல்லவர்தான், உன் அப்பாவின் கூட்டாளி, தனியாகக் கூப்பிட்டு, “குனிகுண்டே, அவன்தான் உன் கையப் பிடிச்சான்னு ஒரு வார்த்த சொல்லு, தாள எழுதிடறேன்” என்றார். சொன்னால் உனக்குப் பட்டம், அவருக்குச் சவுக்கடி. ஒரு நாள் முழுக்க யோசித்தேன், பொய் சொல்லமாட்டேன் என்றில்லை, உனக்காக எத்தனையோ சொல்லியிருக்கிறேன். நேற்றுப் போய், “அவரு பிடிக்கல, நான்தான் பிடிச்சேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். தாள் வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இத்தனை நாள் உன்னிடம் மறைத்தது. ஒன்பது வயதில் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து உன் வலக்கை ஒடிந்தபோது எலும்பைச் சேர்த்தது நாங்கள் உன்னிடம் சொன்னபடி ஆட்டிடையன் இல்லை. பின்கட்டு வழியாக வந்த ஓஸ்வால்ட்தான். தீட்டு ஒட்டக்கூடாது என்று உன் கையைத் துணியால் சுற்றிக் கொடுத்தோம், “துணிக்கு மேல எலும்பு தெரியாதும்மா” என்று அவிழ்த்துவிட்டுத்தான் பிடித்தார். நீ பீப்பாய்ப் பலகை வளைக்கிறாயே, அந்தக் கைதான்.

உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனாலும் வீப்கா வீட்டார் எப்படியென்று தெரியாது. மாஸ்டர் ஆகாவிட்டாலும் கூலிக்காரனாக நீ பிழைத்துக்கொள்வாய், அவள் பொறுத்துக்கொள்வாளா என்பதுதான் என் கவலை. அவளிடம் மறைக்காதே. கம்பளிக் காலுறையும் புகைபோட்ட தொத்திறைச்சியும் வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன், ஈரக்காலோடு படுக்காதே. கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன். வந்ததும் நேரே உள்ளே வரமாட்டேன், கதவருகே நின்று யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பேன், நீயே வந்து பதில் சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
குனிகுண்டே