பின்சுவர் பெஞ்சு

அக்டோபர் 5, 1851. ஞாயிறு

இன்றும் பின்சுவரை ஒட்டிய பெஞ்சுதான். மௌனமாக உட்கார்ந்தே வழிபடும் குவேக்கர் கிறிஸ்தவ சபையின் ஆராதனையில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கியது. இந்தியானாவுக்கு வந்து ஆறு வருடம். முன்னால் இருப்பவர்களின் பிடரியெல்லாம் எனக்கு மனப்பாடம். அடிமைகள் விளைவித்த பருத்தியை உடுத்த மாட்டார்கள். அடிமைகள் காய்ச்சிய சர்க்கரையைத் தொட மாட்டார்கள். என் பக்கத்தில் உட்காரவும் மாட்டார்கள். என்ன ஒரு சுத்தம்!

அக்டோபர் 8

கென்டக்கியில் அடிமையாக இருந்து ஓடிவந்த வைனி என் தையலறையில் இருக்கிறாள். வயிற்றில் ஆறு மாதம். அங்கே பிறந்தால் பிள்ளையும் எஜமானனின் சொத்து. பிடித்துப்போக இரண்டு பேர் ஊருக்குள் வந்துவிட்டார்கள். கறுப்பர் வீடுகளாகப் பார்த்துப் புரட்டுகிறார்கள். என் வீடு இன்னும் பாக்கி.

அக்டோபர் 9

சபை மூப்பர் ஈலமிடம் போனேன். அடிமைத்தனத்தைக் கண்டித்து இரண்டு மணிநேரம் மூச்சுவிடாமல் பேசுகிறவர். நான் வாயைத் திறக்கவே விடவில்லை.

"எங்கிட்ட எதுவும் சொல்லாத, டார்கஸ். யாராவது கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது."

பொய்தான் ஆகாதாம். தெரியாமல் இருந்துகொள்வது ஆகுமாம்!

வாசலில் அவர் மனைவி அபிகாயில் வழிமறித்து, என்ன விஷயம் என்றார். கொட்டிவிட்டேன். எங்கே ஒளிக்கலாம் என்று கேட்டார். கோபத்தில் வந்துவிட்டது:

"உங்க பக்கத்துலயே உட்கார வைங்கம்மா. அங்க ஒரு கறுப்பி இருப்பான்னு எவனும் தேட மாட்டான்."

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. பிறகு தன் சாம்பல்நிற உடுப்பு அவளுக்குச் சேருமா என்று கேட்டார்.

அக்டோபர் 11

அபிகாயில் உடுப்போடு கொடுத்த குல்லாயின் விளிம்பை இரண்டு விரற்கடை நீட்டித் தைத்தேன். பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்குகூடத் தெரியாது.

அக்டோபர் 12. ஞாயிறு

வந்தார்கள். ஆராதனை நடுவில், பூட்ஸ் காலோடு. நேரே எங்கள் பெஞ்சுக்கு. ஒருவன் என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். கை புகையிலை நாறியது. முன்வரிசையில் குல்லாய் போட்டுக் குனிந்திருந்த பெண்களை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அபிகாயில் பக்கத்தில் வைனி. கைகள் கையுறைக்குள்.

ஓடிவந்தவள் இங்கே இருக்கிறாளா என்று ஈலமைக் கேட்டான். அவர் எழுந்தார். செத்தோம் என்று நினைத்தேன். இந்த மனிதருக்குப் பொய் வராதே!

"நாங்க கடவுளுக்காகக் காத்திருக்கோம். நீங்களும் உட்காரலாம். இல்லன்னா போகலாம்."

போய்விட்டார்கள். அவருக்குத் தெரிந்திருந்ததா? கேட்க மாட்டேன். ஆராதனை முடிந்ததும் அபிகாயிலின் வண்டி வைனியோடு வடக்கே கிளம்பியது.

அக்டோபர் 19. ஞாயிறு

வைனி மிச்சிகன் எல்லையைத் தாண்டிவிட்டாளாம். வண்டி ஓட்டியவர் திரும்பி வந்து சொன்னார். வாசலில் எல்லோருக்கும் பூரிப்பு. ஆளாளுக்குத் தான்தான் காப்பாற்றியதுபோல.

நான் பின்சுவர்ப் பக்கம் போகவில்லை. நேரே நடந்து வைனி இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். மௌனம். இவர்களுக்கு நன்றாக வருவது அதுதானே. அபிகாயில் நகர்ந்து இடம் விட்டார். என் மறுபக்கம் இருந்தவள் உடுப்பை இழுத்துக்கொண்டு எழுந்து, வேறு இடம் தேடினாள்.

முன்னால் எங்கும் இடமில்லை. பின்சுவர் பெஞ்சில் என் இடம் காலியாக இருந்தது.