ஒரு வயது குறைவு, இரண்டு வயது கூடுதல்

உள்ளதை உள்ளபடியே எழுதப்போகிறேன், எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து.

இன்று ஹாஸ்டலில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கான படிவம் கொடுத்தார்கள். பிறந்த தேதி கேட்ட இடத்தில் பேனா நின்றுவிட்டது. உடனே நீதான் நினைவுக்கு வந்தாய்.

ஆறாம் வகுப்பில் சேர நாம் ஒன்றாகத்தான் மலையிறங்கினோம். முன்னால் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வியாபாரம் செய்யும் என் அப்பா. பின்னால் சாமைக் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்த உன் அம்மா. நீ பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். எனக்கு அது நேராகவே வராது.

"ஏனுங்க, சின்னப் புள்ள, ஊட்டுக்கு அழுவாளோன்னு வேண்டாம்னுருவாங்களா?" என்று உன் அம்மா வழியில் கேட்டார்.

"பாக்கலாம், வா" என்றார் அப்பா.

நம் இருவருக்கும் பன்னிரண்டு வயது. நீ பிறந்து பத்து நாள் கழித்து நான் பிறந்தேன். ஆனால் ஆபீஸில் அப்பா, "பதினொண்ணுங்க" என்றார். கிளார்க் எழுதிக்கொண்டார்.

அடுத்து உன் அம்மா. "பதினாலுங்க சாமி. தனியா இருந்துக்குவாளுங்க."

"பதிமூணுக்கு மேல சேக்க முடியாதும்மா."

"அப்பப் பன்னெண்டுங்க. நெசமாவே பன்னெண்டுதானுங்க!"

"வயசென்ன சந்தைச் சரக்கா, பேரம் பேச?" என்று சிரித்த கிளார்க் என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, இவ வயசு உனக்குத் தெரியுமா?"

என் வயசுதாங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் வயதையும் தோண்டுவார்களோ என்று பயந்து, "தெரியாதுங்க" என்றேன். உன்னைச் சேர்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் நீ என் பின்னலைப் பிடித்து இழுத்தாய். "ஒரே நாள்ல உனக்கு மூணு வயசு மூத்தவளாயிட்டேன் புள்ள. இனி அக்கான்னு கூப்புடு." நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டதை அப்பாவின் கடிதத்தில் படித்தேன். மிளகு விலைக்குக் கீழே இரண்டு வரி.

எனக்குப் புரியவேயில்லை. இரண்டு பேர் வீட்டிலும் பொய்தான் சொன்னார்கள். குறைத்துச் சொல்ல வேண்டும் என்று என் அப்பாவுக்கு யார் சொன்னது? உன் அம்மா வழியில் கேட்டும் அவர் ஏன் அதைச் சொல்லவில்லை? மறைத்தாரா, தோன்றவில்லையா? நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நீ இப்போது பக்கத்துப் பாயில் இருப்பாயா, இல்லை இருவருமே அன்று மலையேறியிருப்போமா? எப்படிப் போட்டாலும் விடை மாறுகிறது. கணக்கில் கெட்டிக்காரி நீதான்.

படிவத்தில் அப்பா அன்று சொன்ன வயதுக்கு ஏற்ற தேதியையே எழுதினேன். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உன் பிறந்த நாள் இருக்கிறது, என் நிஜப் பிறந்த நாளுக்குப் பத்து நாள் முன்னால். அந்தப் பத்து நாளுக்காகவாவது அன்று உன்னை ஒரு முறை கூப்பிட்டிருக்கலாம்.

அக்கா,

விளக்கை அணைத்துவிட்டார்கள்.